தாளாளர் பார்க்காத இடம்

சுற்றுலா நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்கு அன்று செய்முறைத் தேர்வு. வழிகாட்டியாக நின்று ஒரு இடத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். பார்க்க வந்த தாளாளர் வைரவன் மீசையைத் தடவினார். "இந்தக் காலேஜ்ல ஒவ்வொரு கல்லும் நான் வச்சது. நான் பார்க்காத இடம் ஒண்ணைக் காட்டினா நீ பாஸ். இல்லேன்னா அடுத்த வருஷம் வா!"

முதலில் நின்ற விடுதி மாணவன் சுடலைமணி வழிகாட்டிக் கொடியைத் தூக்கிப் பிடித்தான். "பின்னாடியே வாங்க சார்."

நேராக விடுதிக் குளியலறைக்குக் கூட்டிப்போனான். "இடது பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கதவு. வலது பக்கம் தண்ணி வராத குழாய். சார் முன்னாடியே பார்த்திருந்தா நான் ஃபெயில்."

பார்த்தேன் என்று எப்படிச் சொல்வார்? "பார்த்ததில்லப்பா" என்றார் தாளாளர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பின்னால் வந்த வகுப்பே கைதட்டியது.

மறுநாள் குழாயில் தண்ணீர் கொட்டியது. சுடலைமணி தலையை நனைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். "நான் கண்டுபிடிச்ச சுற்றுலாத் தலம்டா! ஒரே நாள்ல ஒழிச்சிட்டாங்களே!"