பளபளப்புக்கு அடியில்

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறை. அங்கே இரும்பைக் குடைகிற மில்லிங் மிஷினில் குரு கோகிலவாணி, சீடர் நாச்சிமுத்து. குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூட. ஸ்பின்னிங் மில்லை மூடிய பிறகு வேலை தேடி வந்த மனிதர். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மணி என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை. கூச்சமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, சூடேற்றி இறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டி ஒன்று வந்தது. அதில் பள்ளம் குடைய வேண்டும். ஒரே கட்டி. கெட்டுப்போனால் மாற்று இல்லை. அதை நாச்சிமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு கோகிலவாணி பக்கத்து மிஷினுக்குப் போய்விட்டாள்.

மதியத்துக்குள் அவர் இரண்டு கட்டர்களைத் தீர்த்துவிட்டார்.

"அம்மணி, இதுக்கு எந்த கட்டர்ங்க போடறது?"

"என்னென்ன போட்டீங்க?"

"மொதல்ல சாதா கட்டர். போட்டவுடனே மழுங்கிப்போச்சுங்க. அப்புறம் கார்பைடு. அதுவும் கருகிப்போச்சு. இதைவிடக் கெட்டியா ஏதாச்சும் இருக்குதுங்களா? வைரம் கிய்ரம்?"

"வைரம் இரும்புக்கு ஆகாதுங்ணா."

அவள் குனிந்து பார்த்தாள். கட்டர் போய் வந்த இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போனது.

"எவ்வளவு ஆழம் வெச்சீங்க?"

"ரொம்பக் கொஞ்சந்தானுங்க. கட்டி ஒண்ணே ஒண்ணு. பயமா இருக்குதில்லீங்களா? சும்மா தடவற மாதிரி, மெல்ல மெல்ல ஓட்டுனேன்."

"வெட்டுச்சா?"

"நல்லாப் பளபளன்னு ஆச்சுங்க."

"வெட்டுச்சான்னு கேட்டேன்."

"இல்லீங்க."

எந்த கட்டர் என்று அவள் சொல்லவில்லை. "வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றாள்.

நாச்சிமுத்துவின் மனைவி பூவாத்தாள், உடுமலையில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. "நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க, வேலைக்குப் போங்க" என்று அவளேதான் சொன்னாள். மனிதர் அதை அப்படியே நம்பி வேலைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது அக்கா. கண் விழித்தபோது பக்கத்தில் இருந்ததும் அக்கா. அக்காவோடு போனவள் பிறகு திரும்பி வரவேயில்லை. சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தில் அவர் தவித்துப் போனார்.

ஐம்பதைத் தாண்டிய ஆம்பளை, பெண்டாட்டி ஞாபகமாகவே இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? டீக்கடையில்தான் சொல்வார். அதையும் வேறு மாதிரி சொல்வார்.

"குளிக்கிற ரூம்புல அவ சோப்பு அப்படியே கெடக்குதுங்க அம்மணி. காஞ்சு வெடிச்சுப்போச்சு. எடுத்துப் போடலாம்னு கையைக் கொண்டு போவேன். மனசு வராது. ராத்திரி கட்டில்ல பாதியிலதான் படுக்கறேன்."

"நேத்து உடுமலைக்குப் போனீங்களா?"

"போனேனுங்க. எந்த ஞாயித்துக்கிழமையும் விடறதில்லை."

"என்ன பேசுனீங்க?"

"திராட்சை வாங்கிட்டுப் போனேன். தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டேன். மழை பேஞ்சுதான்னு கேட்டேன். மாத்திரை இருக்குதான்னு கேட்டேன்."

"உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?"

நாச்சிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார்.

"மொதல்லெல்லாம் போனா பக்கத்துல உக்காந்து பேசுவா. அப்புறம் சமையக்கட்டுல இருந்தே பதில் சொன்னா. நேத்து வெளியவே வரலீங்க. காபி மட்டும் வந்துது. எனக்கொண்ணும் புரியலை. நான் எதுவும் நோகற மாதிரி பேசறதே இல்லையே!"

"ஆஸ்பத்திரி விஷயம்?"

"அதை எதுக்குங்க கெளறிக்கிட்டு? மெல்ல மெல்லத்தான் போகோணும்."

கோகிலவாணி டீயை முடித்தாள். "போலாங்ணா" என்றாள். அவ்வளவுதான்.

பட்டறைக்கு வந்ததும் கட்டர் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எடுங்க, பாக்கலாம்."

அவர் நீளமான கார்பைடு கட்டர் ஒன்றை எடுத்தார்.

"நீளம் எதுக்குங்ணா?"

"கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லதுங்களே."

"தள்ளி நின்னா நடுங்கும்."

அதை வைத்துவிட்டுக் குட்டையான ஒன்றை எடுத்தார். மூலை ஊசி மாதிரி கூராக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். "இவ்வளவு கூரு இதுக்கு ஆகாது. மூலை தெறிச்சுடும்." பெட்டிக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் குட்டைதான். மேலே கருநீலப் பூச்சு. மூலைகளை லேசாக உருட்டியிருந்தார்கள்.

அவரையே மாட்டச் சொன்னாள். ஆழத்தை மட்டும் அவள் வைத்தாள். மிஷின் திரையில் வந்த எண்ணைப் பார்த்து நாச்சிமுத்து பதறிவிட்டார்.

"அம்மணி, இவ்வளவா! உடைஞ்சு போயிடுமுங்க."

"உடையலாம்."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா உடைஞ்சுது. நீங்க தடவத் தடவ அதோட மேல்தோலு இறுகிட்டே போயிருக்குதுங்ணா. மறுபடியும் தடவுனா இன்னும் இறுகும். வேற ஒண்ணும் நடக்காது."

மிஷினை ஓட விட்டார். கட்டர் கட்டியைத் தொட்டபோது பெரிய சத்தம் வந்தது. வேகத்தைக் குறைக்கிற குமிழுக்கு அவர் கை தானாகப் போனது.

"கையை எடுங்கண்ணா."

"சத்தம் போடுதுங்க!"

"போடட்டும். பாதியில நிறுத்தாதீங்க."

கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். சத்தம் கொஞ்ச நேரம் ஏறி, பிறகு ஒரே சீரானது. சீவல்கள் பழுப்பு நிறத்தில் சுருண்டு விழ ஆரம்பித்தன. மிஷினின் காற்றுக் குழாய் அவற்றை ஒரு பக்கமாக அடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காலையிலிருந்து அவர் ஒரு சீவலைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

கட்டர் முழுசாக வெளியே வந்தது. பள்ளத்தில் மினுக்கம் போய்விட்டது. சாம்பல் நிறத்தில், வெட்டிய தடம் தெரியும்படி, சாதாரண ஸ்டீலாக இருந்தது. நாச்சிமுத்து நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அம்மணி, இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே கெளம்பட்டுங்களா? உடுமலை பஸ்ஸைப் புடிக்கோணும்."

"இன்னிக்குத் திங்கக்கிழமைங்ணா."

"தெரியுமுங்க."

"சரி, போயிட்டு வாங்க."

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"நான் தடவித் தடவி இறுக வெச்சேனே, அந்தத் தோலு. அது எவ்வளவு தடிப்பு இருந்திருக்குமுங்க?"

"ரெண்டு முடி கனம் இருந்திருக்கும். அதுக்கு மேல இல்லை."

"அதுக்குக் கீழே?"

கோகிலவாணி மிஷினைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்க தொடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அப்படியேதாங்ணா இருக்குது."