பதினெட்டுப் பேருக்கு அனுப்பிய நாவல்

"நான் செஞ்சது திருட்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சாமி."

ஆசிரம வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள் பூங்கோதை. ஊர் நூலகத்தில் நூலகர்.

குரு ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"என்ன செஞ்சீங்க?"

"நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்து நாலு வருஷம் ஆச்சு. நிதி இல்லையாம். படிக்க வர்றவங்க என்னைத்தான் திட்டுறாங்க. தணிகாசலம்னு ஒருத்தர் எழுதின நாவலை இணையத்துல யாரோ சும்மா போட்டிருந்தாங்க. இறக்கி, பதினெட்டுப் பேர் போனுக்கு அனுப்பிட்டேன்."

"சரி."

"அவர் காதுக்கு எட்டிடுச்சு. 'நூலகரே திருடினா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது'ன்னு போன்ல கத்தினார்."

"நீங்க?"

"பதில் சொல்லாம வச்சுட்டேன்."

"இப்போ அவருக்குப் போன் போடுங்க."

"எதுக்கு? நான் உங்ககிட்டதானே கேட்கிறேன்!"

"நாவல் என்னோடதா?" குருவின் குரல் உயர்ந்தது. "போடுங்கம்மா."

போட்டாள்.

"மறுபடியும் நீங்களா?" என்றார் தணிகாசலம். "நாலு வருஷமா எந்த நூலகமும் வாங்கலை. முந்நூறு பிரதி என் கட்டிலுக்கு அடியில கிடக்கு. பெருக்க இடமில்லைன்னு வீட்டுல தினமும் சண்டை. நீங்க என்னடான்னா சும்மா எடுத்துக் குடுக்குறீங்க!"

"இங்கே அலமாரி காலியாக் கிடக்கு சார்! முப்பது கடிதம் எழுதிட்டேன்!"

"யாருக்கு?"

"மேல் அலுவலகத்துக்கு."

"எனக்கு?"

நாவலின் கடைசிப் பக்கத்தில் அவர் முகவரி இருந்தது. பூங்கோதை அதைப் பார்த்துமிருந்தாள்.

"எழுதலை சார்."

"அப்போ திருட்டுதானே?"

"திருட்டுதான்."

அவள் போனை வைக்கப் போனாள்.

"இருங்க" என்றார் தணிகாசலம். "அந்தப் பதினெட்டுப் பேர்ல... யாராவது கடைசி வரைக்கும் படிச்சாங்களா?"

"எத்தனை பேர்னு தெரியாது சார். தபால்காரர் சம்சாரம் படிச்சாங்க. கதையில மருமகளை எதுக்கு சாகடிச்சார்னு என்கிட்ட வந்து சண்டை போட்டாங்க."

"என்ன சொல்லிச் சண்டை போட்டாங்க?" தணிகாசலத்தின் குரல் இறங்கியிருந்தது. "ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."