மான்கல் தராசில் ஏறிய மகாராஜா

செம்மலை நாடு என்று ஒன்று இருந்த காலத்தில் மகரகேது என்கிற ராஜா அதை ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்றால், சாப்பிட்ட நேரம் போக மிச்ச நேரத்தில். மனசுக்குத் தோன்றியதைச் சட்டம் என்பார், மறுநாள் மறந்தும் போவார். ஆனால் மற்போர் என்றால் உயிர். அரண்மனைக்குப் பக்கத்திலேயே மல்லர் கல்லூரி ஒன்று வைத்து எண்பது மாணாக்கர்களுக்குச் சோறு போட்டுவந்தார்.

அந்தக் கல்லூரியின் சமையல்காரிதான் சடைச்சி. அவள் தம்பி முத்திருளன் அங்கேயே மாணாக்கன்.

கல்லூரியில் ஒரு பெரிய தராசும் மான்கல் என்று ஒரு கருங்கல்லும் இருந்தன. போட்டிக்கு முந்தின நாள் ஒரு தட்டில் கல்லை வைத்து, மறுதட்டில் ஆளை ஏற்றுவார்கள். கல்லின் எடைக்கு மேல் போகாதவன் மான் வகுப்பு. போனவன் யானை வகுப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. கல்லைவிட நாலு படி அரிசி எடை கூடினவனும், அவனைப்போல் ஒன்றரை ஆள் கனமுள்ளவனும் ஒரே மண்ணில் மோதவேண்டும். அதற்குப் பயந்து நடுத்தர உடம்புக்காரன்கள் எல்லாம் பட்டினி கிடந்து மான் வகுப்புக்குள் நுழையப் பார்ப்பார்கள். போன வருஷம் வேலப்பன் என்கிற பிள்ளை அப்படித்தான் காய்ந்துபோய், தட்டிலேயே மயங்கி விழுந்து செத்தும் போனான். இந்த வருஷம் முத்திருளன் சோற்றைத் தொடமாட்டேன் என்று தொடங்கியதும் சடைச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். நேரே அரசவைக்குப் போய் நின்றாள்.

"மகாராஜா, என் தம்பியும் பட்டினி கிடக்கத் தொடங்கிட்டான். நடுவில இன்னொரு கல் வைக்கணும். மூணு வகுப்பா ஆக்கணும்."

கல்லூரியை மேற்பார்க்கும் தளவாய் சூரப்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தன் வேலையில் ஒரு சமையல்காரி யோசனை சொல்வதா?

"பிரபு, அது தங்கள் பாட்டனார் வைத்த கல். வாயைக் கட்டத் தெரியாதவன் மல்லனா? தராசுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று. நாளைக்குத் தாங்களே ஏறினாலும் கல் சொல்வதுதான் சட்டம்."

ராஜாவுக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. "பேஷ், அப்படியே இருக்கட்டும். அம்மா, போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் இன்னொரு கல் வேண்டும் என்று என் வாயாலேயே சொல்ல வை, வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் தம்பி யானை வகுப்பில்தான் இறங்கவேண்டும்."

"சரி மகாராஜா. அந்தப் பத்து நாளும் உங்களுக்கு நான் சமைக்க உத்தரவு வேணும்."

சூரப்பர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ருசி காட்டி மனசை மாற்றப் பார்க்கிறாள், பாவம் என்று நினைத்தார்.

மறுநாளிலிருந்து அரண்மனை அடுக்களையில் நெய் உருகியது. காலையில் பொங்கல், மத்தியானம் கறிக்குழம்பும் எண்ணெய்க் கத்தரிக்காயும், சாயங்காலம் அதிரசம். ராஜா, "இன்னும் கொஞ்சம்" என்பார். சடைச்சி வைப்பாள். அவளாக ஒரு கரண்டி அதிகம் வைக்கவில்லை, அவர் கேட்காத நாளும் இல்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியின் முதல் சண்டை ராஜாவுடையது. வருஷாவருஷம் ராஜா தராசில் ஏறுவார், மான் வகுப்பு என்பார்கள், ஒரு ஒல்லிப் பிள்ளை அவரோடு ரெண்டு பிடி பிடித்து மரியாதையாகக் கீழே விழுவான்.

இந்த வருஷமும் ஏறினார். தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. இறங்கி ஏறினார், மறுபடியும் தரைதான்.

"எவ்வளவு கூட?" என்றார் ராஜா.

"நாலு படி அரிசி எடை இருக்கும் பிரபு" என்றார் சூரப்பர். அவர் குரல் உள்ளே போய்விட்டது. காரணம், யானை வகுப்பில் ராஜாவுக்கு வாய்த்த ஆள் அவர் அக்காள் மகன் தடியப்பன். பிடி போட்டுவிட்டால் எதிரே யார் என்று பார்க்கிற புத்தி தடியப்பனுக்குக் கிடையாது. "கல்... கல் தேய்ந்திருக்கலாம் பிரபு."

"கல் சொல்றதுதான் சட்டம்னு அய்யாதானே சொன்னீங்க" என்றாள் சடைச்சி.

சபையே கேட்ட பேச்சு அது. ராஜா பின்வாங்க முடியாது. பொழுது சாயும்வரை தராசு திறந்திருக்கும், எடையைக் குறைத்துக்கொண்டு மறுபடி ஏறலாம். "உன் கல்லூரிப் பிள்ளைகள் எடையை எப்படி இறக்குகிறார்கள்?" என்று அவளிடமே கேட்டார்.

"ரெண்டு கம்பளியைப் போத்திக்கிட்டு அடுப்புப் பக்கத்தில குந்துவாங்க மகாராஜா. சோறு தண்ணி கிடையாது."

ராஜா குந்தினார். ஒரு நாழிகையில் வேர்வை ஊற்றியது. உச்சிப் பொழுதுக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணீர் கொண்டுவா."

"குடிச்சா எடை ஏறிடும் மகாராஜா. கொண்டுவரட்டுமா?"

ராஜா அவளை முறைத்தார். பிறகு கேட்டார், "போன வருஷம் செத்தானே அந்தப் பிள்ளை, எத்தனை நாள் இப்படிக் கிடந்தான்?"

"அஞ்சு நாள்."

ராஜா கம்பளியை உதறிவிட்டு எழுந்து, ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். "இன்னொரு கல் வையுங்கள்" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதுக்கல் செதுக்கப் பத்து நாள் ஆகும் என்று கல்தச்சர் சொல்லியனுப்பினார். "ஆகட்டும். அதுவரை போட்டியைத் தள்ளிவையுங்கள்" என்ற ராஜா தளவாயின் பக்கம் திரும்பினார். "வாயைக் கட்டத் தெரிந்தவர் நீர்தானே. கல் வரும்வரை உமக்கு வேளைக்கு ஒரு அகப்பைக் கஞ்சி." சூரப்பர் அன்றைக்கே மலையடிவாரத்துக்கு ஓடினார். தச்சரோடு சேர்ந்து தானும் உளி பிடித்தார் என்று கேள்வி. மூன்றாம் நாள் கல் வந்து சேர்ந்தது.

சடைச்சிக்கு ராஜா தன் கைக்காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள். எடை போடுவது முந்தின நாள் வேண்டாம், சண்டைக்குப் போகிறபோதே போடட்டும், காய்ந்த உடம்போடு உடனே மோத முடியாது என்பதால் எவனும் பட்டினி கிடக்கமாட்டான் என்றாள். ராஜா அதற்கும் சரி என்றார்.

முத்திருளன் நடு வகுப்பில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கினான். இரண்டாவது சுற்றில் தோற்றான். மண்ணைத் தட்டிக்கொண்டு நேரே அடுக்களைக்கு வந்தான்.

"தோத்துட்டியாமே? வருத்தமாடா?"

"வருத்தந்தான்க்கா. என்ன குழம்பு?"

சடைச்சி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "கருவாட்டுக் குழம்பு. உக்காரு" என்று இலையைப் போட்டாள்.