ஏகாம்பரத்தின் அரை மணி நேரம்

வேலூரில் பாலாற்றங்கரைப் பக்கம், ஒரு தகரக் கொட்டகையில் பளுதூக்கும் பயிற்சிக்கூடம் இருந்தது. அதை நடத்தியவள் ஷெர்லி. வயது இருபத்தொன்பது. முழங்கால் போனபிறகு போட்டிகளை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவள். அப்பன் வயதுக்காரர்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஏகாம்பரம் அங்கே வந்து நின்றபோது அவருக்கு அறுபத்தொன்று.

"இந்த வயசுல எதுக்கு சார்?"

"அறுபத்திரண்டு கிலோ தூக்கணும் மாஸ்டர்."

"எந்தப் போட்டிக்கு?"

"போட்டி இல்ல. வீட்டுக்காரிய."

அவர் மனைவி கனகவல்லிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. கட்டிலிலிருந்து கழிப்பறை நாற்காலிக்கு அவளைத் தூக்கி வைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒருநாள் கை நழுவிக் கீழே போட்டுவிட்டார். ஷெர்லி அன்றைக்கே சேர்த்துக்கொண்டாள்.

முதலில் மணல் மூட்டை, பிறகு இரும்பு. சொன்னதைச் சொன்னபடி செய்யும் சீடர் கிடைப்பது அபூர்வம். ஏகாம்பரம் அப்படிக் கிடைத்தார். சாப்பாட்டைப் பற்றி ஷெர்லி அதிகம் சொல்லவில்லை.

"வெறும் வயித்துல தூக்காதீங்க. முன்னால ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கிழங்கு. முடிச்சதும் புரோட்டீன் ஷேக்."

"முடிச்சு எத்தன நிமிஷத்துல?"

"அரை மணிக்குள்ள குடிச்சா நல்லது."

அது போதுமே அவருக்கு. முப்பத்துநாலு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த மனிதர். நாலு ஐம்பத்திரண்டு வண்டியை நாலு ஐம்பத்திரண்டுக்கே விசில் ஊதிக் கிளப்பியவர். பயணி குழந்தையோடு ஓடிவந்தாலும் வண்டியை நிறுத்தவிட்டதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பஸ் ஸ்டாண்டுப் பழக்கம் மட்டும் விட்டுவிடுமா?

நாலு மணிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நாலு இருபதுக்கு வாழைப்பழம். நாலே முக்காலுக்குக் கொட்டகை. ஆறுக்குப் பயிற்சி முடியும். ஆறு இருபதுக்கு வீட்டில் ஷேக். அதன்பிறகு ஏழு மணிவரை அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தசை கட்டுகிற நேரமாம். அதை யார் சொன்னார்களோ, ஷெர்லி சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அந்த நேரத்தில் கனகவல்லி கூப்பிட்டாள்.

"இரு, பத்து நிமிஷம்" என்றார் ஏகாம்பரம்.

பத்து நிமிஷம் கழித்துப் போனபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் துணியை மாற்றினார், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பிறகு அவள் அந்த நேரத்தில் கூப்பிட்டதே இல்லை. "அவளும் டைமுக்கு வந்துட்டா மாஸ்டர்" என்று ஏகாம்பரம் பெருமையாகவே சொன்னார்.

இரண்டு மாதம் போனது. சித்திரை வெயிலில் அவர் தொடர்ந்து ஆறு நாள் வரவில்லை. ஏழாம் நாள் நாலே முக்காலுக்கு வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரில இருந்தோம் மாஸ்டர். அவளுக்கு மூத்திரத்துல கிருமி. ஜுரம் அடிச்சுது. நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல. நான் ஒண்ணு கேக்கணும். ஆறு நாள் விட்டுப்போச்சு. கிழங்கைக் கூட்டவா? பழத்தை அரை மணி முன்னால தள்ளவா?"

ஷெர்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பலம் குறையல மாஸ்டர். நேத்து அவளப் பூ மாதிரி தூக்கினேன்."

"அவங்க எடை என்ன?"

ஏகாம்பரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில அம்பத்துமூணுன்னாங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தண்ணியே குடிக்கறதில்லையாம், சரியா சாப்பிடறதும் இல்லையாம். ஏம்மான்னு அவளையே கேட்டார். தாகமே எடுக்கறதில்லன்னு சொன்னா."

"எந்தெந்த நேரத்துல குடிப்பாங்க?"

"மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொடமாட்டா. ராத்திரி ஏழு மணிக்கு மேல ரெண்டு வாய் குடிப்பா."

ஷெர்லி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"இன்னிக்கு இரும்பு வேணாம். இங்க உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் குடிக்கக் கூடாது."

சீடர் உட்கார்ந்தார். மேலே தகரம் கொதித்தது. மற்றவர்கள் தூக்கினார்கள், இறக்கினார்கள், குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. அவர் உதட்டை நக்கிக்கொண்டார். சொம்பைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பினார். கண் மறுபடியும் அங்கேதான் வந்து நின்றது.

"மாஸ்டர், நாக்கு வறண்டுபோச்சு."

"வேணுமா சார்னு நான் கேப்பேன். தாகமே எடுக்கலன்னு சொல்லுங்க."

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். சொல்ல வரவில்லை. கனகவல்லி இரண்டு மாதமாக இந்த வெயிலில், கைக்கெட்டும் தூரத்தில் சொம்பை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர் ஷேக் குடித்துத் தசை கட்டி முடிக்கும்வரை அவரைக் கூப்பிடும்படி ஆகிவிடக் கூடாதென்று. அறுபத்தொரு வயதுக்காரர் அந்தக் கொட்டகையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டாம் என்று ஷெர்லி கண்ணாலேயே சொல்லியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார்.

"வீட்டுக்குப் போறேன் மாஸ்டர்."

"போங்க. அவங்களுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி குடுங்க. பக்கத்துலயே உக்காருங்க."

"அப்புறம்?"

"கூப்பிடுவாங்க. தூக்குங்க."

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். அவர் கேட்க வந்தது வேறு, கேட்டது பழைய கேள்விதான்.

"பயிற்சி முடிச்சு அரை மணிக்குள்ள ஷேக் குடிக்கணும்னீங்களே. அவ என்னைக் கூப்பிடவே இல்லன்னா?"

"கூப்பிடற வரைக்கும் உங்க பயிற்சி முடியல சார்."