மாட்டுப் பொங்கலுக்கு ஓர் ஒத்திகை

"கும்பிடப் போனாலும் ஒரு கயிறு நீளம் விட்டு நில்லு…"

பரஞ்சோதியின் பெரியப்பா தொழுவத்தில் நின்று அடிக்கடி சொன்னது இது. இதற்குப் பின்பாதி ஒன்று உண்டு. அது பரஞ்சோதிக்கு மறந்துவிட்டது. முன்பாதியும் அவரை அப்படியொன்றும் உறுத்தியதில்லை, அன்று காலை வரைக்கும்.

அன்று காலை அவர் மௌனசாமியிடம் அனுமதி கேட்கப் போனார்.

மேல்மலையில், முட்டைக்கோஸ் பாத்திகளைத் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் மௌனசாமியின் மடம். சாமிக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவரின் டீ ஆறிப்போகும். வயது நாற்பதைத் தாண்டவில்லை. பரஞ்சோதியோ வேலையிலிருந்து ஓய்வுபெற்று மடத்தில் வந்து தங்கியவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவைச் சாமி என்பார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

"மாட்டுப் பொங்கலுக்கு நந்திக்குப் பொட்டு வைக்கணும் சாமி."

"எந்த நந்தி?"

பரஞ்சோதி ஜன்னல் வழியாக வாசலைக் காட்டினார்.

வாசலில் ஒரு காட்டுமாடு உப்பு நக்கிக்கொண்டிருந்தது. பாறையைத் தூக்கி வைத்தது போல முதுகு. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. மழை விட்டதிலிருந்து தினமும் வருகிறது. முதலில் குப்பைக்குழியில் கிடந்த கோஸ் இலைக்கு வந்தது. பிறகு துணி துவைக்கும் கல்லில் பரஞ்சோதி ஒரு கை கல்லுப்பு வைத்தார். உப்புக்கு வந்தது. நந்தி என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை ஆட்டும். கூப்பிடாவிட்டாலும் ஆட்டும்.

"காட்டுமாடும் மாடுதானே சாமி?"

"மாடுதான்."

"நான் பக்கத்துல போனா தலையக்கூடத் தூக்கறதில்ல. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

பரஞ்சோதி குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷம் கண்ணை மூடி உக்காந்ததுல எனக்குள்ள ஏதோ அடங்கிப்போச்சு சாமி. அந்த ஜீவனுக்கு அது தெரியுது."

"நேத்து சாம்பார்ல உப்பு இல்லன்னு கத்தினது யாராம்?" என்று சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. செங்கமலத்தின் குரல். மடத்துக்குச் சமைப்பவர் அவர்.

"உப்பெல்லாம் வாசலுக்குப் போயிருச்சும்மா, சாம்பாருக்கு எங்க இருக்கும்?" என்றார் சாமி. பிறகு பரஞ்சோதியைப் பார்த்தார். "உங்க வீட்டுலயும் மாடு இருந்துச்சில்ல அண்ணாச்சி? பெரியவங்க ஏதாவது சொல்லுவாங்களே."

"பெரியப்பா சொல்லுவாரு. கும்பிடப் போனாலும் ஒரு கயிறு நீளம் விட்டு நில்லுன்னு."

"மீதி?"

"மறந்துபோச்சு."

"சரி, கயிறு?"

"காட்டுமாட்டுக்கு ஏது சாமி கயிறு?"

"அதான் கேட்டேன்."

பரஞ்சோதிக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. "பொட்டு எனக்காகக் கேக்கல சாமி. கோயம்புத்தூர்லேருந்து பேத்தி வரா. அவ கையால வைக்கலாம்னு சொல்லிட்டேன். போன்ல தினமும் நந்தி சாப்ட்டுச்சா, நந்தி தூங்குச்சான்னு ஒரே கேள்வி."

சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு உயரம்?"

"நந்தியா?"

"பேத்தி."

பரஞ்சோதி தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். "இந்தா, இவ்வளவு."

"சரி," என்று எழுந்தார் சாமி. "ஒத்திகை பாத்துருவோம். குங்குமச் சிமிழும் சந்தனமும் எடுத்துட்டு வாங்க."

"மாடு?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் நாலு காலில் நின்றார். தரையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மா," என்றார்.

செங்கமலம் கரண்டியோடு சமையற்கட்டு வாசற்படிக்கு வந்துவிட்டார். "சாமிக்கு வாலு ஒண்ணுதான் குறை."

பரஞ்சோதி சிரித்துக்கொண்டே கிட்டே போனார். நெற்றியில் பொட்டு வைத்தார். மாடு உப்பு நக்கியது. சந்தனம் பூசினார். மாடு நக்கியது. மாலைக்குப் பதில் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் கழுத்தில் போட்டார். மாடு தாடியைத் தரையில் தேய்த்துக்கொண்டு பரம சாதுவாக நின்றது.

"பாத்தியாம்மா?" என்று பரஞ்சோதி செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

மாடு முட்டியது.

பரஞ்சோதி சுவரோரம் இருந்த கேரட் மூட்டையின் மேல் போய் விழுந்தார்.

"என்ன சாமி இது! நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

"பின்ன ஏன் முட்டினீங்க?"

"காதுல ஈ உக்காந்துச்சு."

செங்கமலத்துக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அடங்கியதும் கேட்டார், "சாமி ஒரு அறுபது கிலோ இருப்பீங்களா?"

"கொஞ்சம் கம்மி," என்றார் சாமி.

பரஞ்சோதி மூட்டையை விட்டு எழவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "நீங்க என்னைத் தள்ளணும்னே முட்டினீங்க. நந்தி அப்படி இல்ல சாமி. நல்ல மனசு. வேணும்னு முட்டாது."

"முட்டாது," என்று ஒத்துக்கொண்டார் சாமி. "வேணும்னு முட்டவே முட்டாது."

வாசலில் நந்தியின் காதருகே ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. நந்தி காதை ஆட்டியது. ஈ போகவில்லை. நந்தி தலையை ஒருமுறை பக்கவாட்டில் வீசியது.

துவைக்கும் கல்லை ஒட்டித் துணிக்கொடி கட்டிய கல்தூண் நின்றிருந்தது. கொம்பு அதில் பட்டது. தூண் அடியோடு பெயர்ந்து, கொடியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.

நந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் முகத்தில் கோபம் இல்லை. மிச்ச உப்பை நக்கியது.

கூடத்திலிருந்து மூவரும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள்.

"என் காவி வேட்டி," என்றார் சாமி கடைசியில். அது சேற்றில் கிடந்தது.

பரஞ்சோதி அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தடவிய கை அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தார். கை இடுப்பில் இருந்தது. சற்று முன்பு பேத்தியின் உயரத்தைக் காட்ட வைத்த அதே இடத்தில்.

"பெரியப்பா சொன்னதுல மீதி ஞாபகம் வருதா அண்ணாச்சி?"

"வரல சாமி."

"பரவாயில்ல."

வெயில் ஏறியதும் நந்தி காட்டுக்குள் போயிற்று. பரஞ்சோதி பேத்திக்குப் போன் போட்டார்.

"பாப்பா, பொட்டு வைக்க வேற மாடு பாத்திருக்கேன். ரொம்ப சாது. என்ன, கொஞ்சம் தாடி இருக்கும்."

பிறகு வாசலில் இறங்கி, கல்லில் ஒட்டியிருந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். குப்பைக்குழியைப் பலகையால் மூடினார். வேலிக் கதவைச் சாத்திக் கட்டினார்.