பாவாயி கழுவாத பாதிக் கோடு

மாணிக்கவாசகம் தும்மினாலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று சங்ககிரி லாரிப் பட்டறையில் பேச்சு. பேசியவர் ஹெட் மெக்கானிக் மாணிக்கவாசகமேதான்.

அன்றைக்கு ஐயா ஒரு லாரியின் டீசல் பம்பைக் கழற்றி, சரிபார்த்து, திரும்ப மாட்டினார். லாரி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு இருமியது.

பம்பைக் கழற்றும் முன் பம்பிலிருந்து எஞ்சின்வரை உளியால் ஒரு கோடு வெட்டுவது வழக்கம். மாட்டும்போது இரண்டு பாதியும் நேராகச் சேர வேண்டும். சேராவிட்டால் டீசல் நேரம் தவறிப் பாயும்.

"கோடு எங்கய்யா?" என்றார் ஓனர் நல்லசிவம்.

"அற்புதமான கோடுங்க! பம்பைக் கழுவுறேன்னு இந்தப் பாவாயி தேய்ச்சே அழிச்சுப்புட்டா. மொதல்ல இவளை வேலையை விட்டு அனுப்புங்க!"

சாமான் கழுவும் பாவாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தப்புத்தானுங்க மேஸ்திரி. உளியில வெட்டுன கோட்டையே அழிச்சிருக்கேன்னா எங்கைக்கு எத்தனை பலம் பாருங்க! ஆனா நான் கழுவுனது பம்பை மட்டுந்தானுங்களே. எஞ்சின்ல இருக்கிற பாதிக் கோட்டைக் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்."

ஓனர் டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினில் ஒரு வருச அழுக்கு கலையாமல் இருந்தது. கோடு மட்டும் இல்லை.

"வெயிலுக்கு ஆவியாயிருக்குமுங்க..." என்றார் மேஸ்திரி.

"இருக்கும், இருக்கும்," என்றார் ஓனர். "பாவாயி, இனிமேல் ஐயா கோடு போட்டாரான்னு நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் அவரு ஸ்பேனரைத் தொடணும்."