பல்லி விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு இருந்தது. அதிலும் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை வலிமை. கூரைக்குக் கீழே யார் என்ன சொன்னாலும், மேலே உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி "ஆகட்டும்" என்று சொல்லும். சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொன்னது சொன்னபடியே நடந்துவிடும், இம்மி பிசகாது.

நல்ல காரியம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். அடக்கனூர்க்காரர்களைக் கேட்டால்தான் அவர்கள் பட்ட பாடு தெரியும். அந்த ஊரில் ஒருவன் வயலிலிருந்து களைத்து வந்து, பசி உயிரை எடுக்கிறது என்றான். பல்லி ஆகட்டும் என்றது. சோற்றுத் தட்டோடு வந்தவள் தட்டோடு நின்றாள், மனிதன் போய்விட்டான். இன்னொருவன் தன் தம்பியிடம் எங்கேயாவது தொலைந்து போ என்றான். அந்தத் தம்பியைத் தேடாத காடு இல்லை, இன்றுவரை அகப்படவில்லை. இதில் பல்லிக்கு யார் மேலும் பகை கிடையாது. அது ரொம்ப நேர்மையான பிராணி. காதில் விழுந்ததை விழுந்தபடியே எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதனால் அடக்கனூரில் வீட்டுக்கு வீடு கதவோரத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். குடிக்கிற தண்ணீர் இல்லை. கோபம் வந்தால் ஓடிப்போய் அதில் ஒரு வாய் நிறைத்துக்கொள்ள வேண்டும். கோபம் தணிகிறவரை விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் கன்னம் உப்ப ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் இருவரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். தெருவுக்குத்தான் கூரை இல்லையே, அங்கே நின்று ஆசை தீரத் திட்டிக்கொள்ளலாம். நம் ஊர்களில் வீட்டுச் சண்டை இன்றைக்கும் தெருவுக்கு வருகிறதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இப்படிப்பட்ட ஊருக்குப் போய் வாழ்க்கைப்பட்டாள் சடைச்சி.

அவள் பிறந்தது உப்பு வண்டிக்காரர்கள் கூட்டத்தில். கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அவர்கள். வீடு வாசல் கிடையாது. திறந்த வெளியில் சமைத்து, திறந்த வெளியிலேயே படுத்துக்கொள்வார்கள். கூரையே இல்லாத இடத்தில் பல்லிக்கு என்ன வேலை? அதனால் அவர்கள் வாய்க்குப் பூட்டே கிடையாது. மாடு முரண்டு பிடித்தால் தோலை உரித்துவிடுவேன் என்பார்கள். உப்பு சிந்தினால் என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாயே என்பார்கள். சிரிப்பு வந்தால் வயிறு வெடிக்கிறது என்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. பொழுது சாய்ந்தால் எல்லாரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அடக்கனூர்க்காரன் உடையான் சந்தைக்குப் போன இடத்தில், சடைச்சி ஒரு காளையைத் திட்டுவதைக் கேட்டான். ஒரே மூச்சில் அத்தனை சொல்! பிறந்ததிலிருந்து அவன் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. காளைகூட வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டான். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே செம்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். சடைச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கொதிக்கிற வாசனையில் தன்னை மறந்து, இந்த வாசத்துக்கு ஊரே திரண்டு வரும் என்று சொல்லிவிட்டாள். மேலேயிருந்து ஆகட்டும் என்று குரல் வந்தது. அவள் அகப்பையைக் கீழே வைப்பதற்குள் ஊரே திரண்டு வந்துவிட்டது. பல்லுப் போன கிழவர், ஏரை அப்படியே விட்டுவிட்டு வந்தவன், பிள்ளை பெற்று ஐந்து நாள்கூட ஆகாத பச்சை உடம்புக்காரி, எல்லாரும் அடுப்பங்கரையில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு வந்தோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு சொட்டுக் குழம்பு கிடைத்தது. அன்றைக்குத்தான் சடைச்சிக்குச் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு அவளும் வாயில் தண்ணீர் நிறைக்கப் பழகினாள். சொல் தொண்டை வரைக்கும் வந்து முட்டும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனாலும் பழகினாள். மகள் பிறந்தாள், மயிலி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நடக்க வந்த நாளிலிருந்து கால் ஒரு இடத்தில் நின்றதில்லை. பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துவாள், வைக்கோல் போரில் ஏறுவாள், நாய்க்குட்டியைப் பானைக்குள் இறக்குவாள். ஒரு செம்பு போதாமல் சடைச்சி வீட்டில் மூன்று செம்பு வைக்க வேண்டியதாயிற்று.

மயிலிக்கு நாலு வயது இருக்கும்போது, ஒரு நாள் காலையில் பிள்ளையைக் காணவில்லை. சடைச்சி தெருத்தெருவாக ஓடினாள், கிணறு கிணறாக எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஏரிக்கரையில் கண்டாள். மதகுச் சுவரின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று கொக்குபோல் ஆடிக்கொண்டிருந்தது பிள்ளை. கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். சடைச்சி மூச்சுக்கூட விடாமல் பின்னாலேயே போய் அவளை வாரி எடுத்தாள். வீடு வந்து சேரும்வரை பிடித்த பிடியை விடவில்லை. வீட்டுக்குள் வந்து பிள்ளையைக் கீழே இறக்கியபோது, கதவோரம் மூன்று செம்பு இருந்ததும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இனிமே இந்த வாசப்படியைத் தாண்டிப் பாரு, உன் காலை உடைச்சிருவேன்" என்றாள்.

"ஆகட்டும்" என்றது பல்லி.

அப்போதுதான் சடைச்சிக்குத் தான் சொன்னது உறைத்தது. ஓடிப்போய் உத்தரத்துக்குக் கீழே நின்று கைகூப்பினாள். பல்லியண்ணே, பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது, அந்தச் சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். பல்லி கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பதில் சொன்னது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் அதை விழுங்க வேண்டுமாம். ஒரு சொல்லை விழுங்கினால் அதன் பின்னாலேயே மற்றச் சொற்களும் வரிசையாக உள்ளே போய்விடுமாம். உன் மகள் காலுக்காக என் பேச்சையே நான் தொலைக்க வேண்டுமா என்று கேட்டது. அதோடு, மனதில் இல்லாதது வாயில் எப்படி வரும் என்றும் கேட்டது.

அன்றிலிருந்து மயிலி வாசப்படிக்கு இந்தப் பக்கமே கிடந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷம். ஏர் கட்டப் போகும்போது உடையான் கதவை வெளியே சங்கிலி போட்டுவிட்டுப் போவான். தெருப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, ஓடின கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு மயிலி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். கோழி தானாக வீட்டுக்குள் வந்தாலும் துரத்தவில்லை. பெற்றவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு ஆறவில்லை. மூன்று செம்பும் தண்ணீர் மாற்றாமல் அப்படியே கிடந்தன, ஏனென்றால் கோபப்பட அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் உப்பு வண்டிகள் வந்தன. ஒரு நாள் முற்பகல், சடைச்சி வீட்டுக்குள் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் சலங்கைச் சத்தம் கேட்டது. அவள் அண்ணன் கொம்பையா வந்துவிட்டான்! ஆறு வருஷமாகப் பார்க்காத தங்கையையும், பிறந்ததிலிருந்தே பார்க்காத மருமகளையும் பார்க்கிற ஆசையில் அவன் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தான். கதவில் சங்கிலி போட்டிருப்பதைப் பார்த்து, யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கழற்றினான். அந்த வீட்டு விஷயம் பாவம் அவனுக்கு எங்கே தெரியும்?

"மயிலி, மாமன் வந்திருக்கேன், ஓடியா" என்று கையை விரித்தான்.

ஒரு வருஷமாக மடங்கிக் கிடந்த கால்களுக்கு அந்த ஒரு சொல் போதாதா? பிள்ளை சிட்டாகப் பறந்தாள். சடைச்சி ஐயோ என்று கத்துவதற்குள் வாசப்படியைத் தாண்டிவிட்டாள்.

தாண்டியதுதான் தாமதம், சடைச்சியின் கை உலக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் பிடிக்கவில்லை, கை தானாகப் பிடித்தது. கீழே போட முயன்றாள், விரல் பிரியவில்லை. கால்கள் அவளை இழுத்துக்கொண்டு ஓடின. கதவைப் பிடித்தாள், கதவு கையோடு வந்தது. தடுக்க வந்த கொம்பையா ஒரு தள்ளில் மண்ணில் உருண்டான். ஓடு மயிலி, ஓடு என்று அலறினாள். அம்மா ஓடிப் பிடித்து விளையாட வருகிறாள் என்று நினைத்த பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். ஒரு வருஷம் ஓடாத கால், எத்தனை சுற்று தாங்கும்? மூன்றாவது சுற்றில் சக்கரத்தடியில் தடுக்கி விழுந்தாள். விழுந்த இடத்திலும் கலகலவென்று சிரித்தாள்.

உலக்கை மேலே போனது.

சடைச்சிக்குத் தன் கை தன்னிடம் இல்லை. கால் மட்டும், பிள்ளையைப் பிடித்தாகிவிட்டதால், திரும்பக் கிடைத்திருந்தது. அவள் அந்தக் காலை நீட்டினாள். மகளின் இரண்டு காலுக்கும் மேலே தன் காலைக் குறுக்கே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நில்" என்றது பல்லி.

அது கூரை விளிம்புக்கு வந்து தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வலிமை இல்லை, இருந்தாலும் உலக்கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"அவ காலை உடைக்கிறதா நீதானே சொன்னே? இப்ப உன் காலை எதுக்கு வைக்கிறே?"

"ஆமா, சொன்னேன்" என்றாள் சடைச்சி. "நீ இல்லாட்டா நான் செத்துருவேன்டின்னு அவகிட்டச் சொல்ல வந்தேன். எங்க வாயில அது இப்படித்தான் வருது, பல்லியண்ணே."

எத்தனை தலைமுறையாக எத்தனை வீடுகளில் பல்லி காது கொடுத்துக் கேட்டிருக்கிறது! பசி உயிரை எடுக்கிறது என்றவனுக்கு வேண்டியிருந்தது ஒரு வாய் சோறு. தொலைந்து போ என்றவன் அண்ணன்காரன், தம்பி தொலைந்த நாளிலிருந்து கஞ்சி குடிக்காமல் கிடந்தான். அத்தனை பேர் சொன்னதையும் கேட்டோமே, ஒருவர் சொல்ல வந்ததையாவது கேட்டோமா என்று அது தன்னையே கேட்டுக்கொண்டது. உலக்கை மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. யோசிக்க நேரமில்லை. பல்லி வாயைத் திறந்தது, ஒரு வருஷத்துக்கு முன் சொன்ன அந்த "ஆகட்டும்" என்ற சொல்லை ஒரே மடக்கில் விழுங்கியது. அதன் பின்னாலேயே அதனுடைய மற்றச் சொற்களும் கடகடவென்று தொண்டைக்குள் இறங்கின.

உலக்கை சடைச்சியின் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

மயிலியை அள்ளிக்கொண்டு சடைச்சி அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். நன்றி சொல்ல அண்ணாந்து பார்த்தாள். பல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தது. "ச்சு, ச்சு, ச்சு" என்றுதான் வந்தது. ஒருவர் கஷ்டத்தைக் கேட்டு நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அதே சத்தம்.

அப்புறம் அடக்கனூர் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும்! ஊரே செம்புகளைக் கவிழ்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து வயிறு வெடித்தது என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான், வெடிக்கவில்லை. உன்னைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது என்று ஒருத்தி புருஷனிடம் சொன்னாள், ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை எல்லாம் மூன்று நாள் பேசித் தீர்த்தார்கள். சடைச்சியிடம் வந்து புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அவளும் மகளை வீட்டுக்குள் நிறுத்தி, கூரைக்குக் கீழேயே நின்று, ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஏரிப்பக்கம் போனால் காலை உடைத்துவிடுவேன் என்றாள். சொல்லி முடிக்கும்போது மயிலி அங்கே இல்லை. தெருவில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் யார் என்ன பேசினாலும் பல்லி சுவரில் இருந்தபடி உச்சுக் கொட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அன்று முதல்தான் நம் வீடுகளில் அம்மாக்கள் பொழுது விடிந்தால் பொழுது போனால் காலை உடைத்துவிடுவேன் என்று கத்துகிறார்கள், பிள்ளைகளும் அம்மா என்ன சொல்ல வருகிறாள் என்று தெரிந்துகொண்டே வாசப்படி தாண்டி ஓடுகிறார்கள்.